மார்கழியில பாஸ், சித்திரையில ஃபெயில்

தாலி கட்டுற சீன். கெட்டிமேளம் ஏறுது. மாப்பிள்ளை குனியுறாரு. சரியா அந்த இடத்துல, திரையோட இடது ஓரத்துல ஒரு பச்சைக் கட்டம்.

அரை செகண்டுகூட இருக்காது. வந்துச்சு, போயிடுச்சு.

திருப்பி ஓட்டிப் பார்த்தேன். அதே இடம், அதே பச்சை.

(புதுசா படிக்கிறவங்களுக்கு: வீடு சேலம் ஃபேர்லேண்ட்ஸ். மாடி ரூம்ல உக்காந்து கல்யாண வீடியோ எடிட் பண்றதுதான் பொழப்பு. கம்ப்யூட்டரைப் பிரிச்சுப் போட்டு நோண்டுறது அதுக்கு அடுத்த பொழப்பு.)

உடனே ஸ்டுடியோ அண்ணனுக்கு போன் போட்டேன்.

"அண்ணா, அந்தக் கார்டை ஃபார்மேட் பண்ணிட்டீங்களா?"

"டெலிவரி கொடுக்கற வரைக்கும் நான் கார்டைத் தொடமாட்டேன்னு உனக்குத் தெரியாதா தம்பி?"

அந்த ஒரு பழக்கத்துக்காக அவருக்கு நான் எத்தனை தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தாலும் தகும். வண்டியை எடுத்துட்டு அஞ்சு ரோட்டுக்குப் போய்க் கார்டை வாங்கிட்டு வந்து லேப்டாப்புல போட்டுப் பார்த்தேன். சுத்தமா ஓடுது. கேமரா தப்பு இல்ல, கார்டு தப்பு இல்ல. என் மெஷினுக்குள்ள காப்பி ஆகுறப்போதான் கெட்டுருக்கு.

அங்கிருந்து ஒன்பது நாள் இதே வேலைதான். கடைசியில கண்டுபிடிச்சுட்டேன். அந்த சந்தோஷத்துலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், ஒரு காப்பி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல பழைய கதை.

போன வருஷக் கடைசியில புது ராம் வாங்கலாம்னு கடைக்குப் போனேன். விலையைக் கேட்டதும் திரும்பி வந்துட்டேன். அதுக்குச் சில மாசம் முன்னாடி விசாரிச்ச விலையைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் அள்ளிக்கிட்டுப் போகுது, நம்ம மாதிரி வீட்டு மெஷின்காரங்களுக்கு மிச்சம்தான். கிரூஷியல்ங்கற பேர்ல நமக்கு ராம் வித்துக்கிட்டு இருந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விட்டு வெளிய போறோம்னு 2025 டிசம்பர்ல அறிவிச்சாங்க. (அதே மைக்ரான்தான் குஜராத் சாணந்துல சிப் அசெம்பிளி ஆலை போடறோம்னு 2023ல சொன்னவங்க. நம்ம ஊர்ல பேக் ஆகுற சிப் நம்ம ஊர்க் கடைக்கு வந்தா எவ்வளவு நல்லாருக்கும்.)

சரி, இருக்கற ராமையே இன்னும் கொஞ்சம் ஓட வைப்போம்னு முடிவு பண்ணேன்.

என்கிட்ட இருக்கறது இன்டெல் ஐ5-12400, பி660 போர்டு, 16 ஜிபி ஸ்டிக் ரெண்டு. டிடிஆர்4, டப்பாவுல 3200ன்னு போட்டிருக்கும்.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். டப்பாவுல 3200ன்னு போட்டிருந்தா உங்க மெஷின்ல 3200ல ஓடுதுன்னு நினைக்காதீங்க! பயாஸுக்குள்ள போய் எக்ஸ்எம்பியை ஆன் பண்ணாத வரைக்கும் பல ஸ்டிக் 2133, 2400, 2666ன்னு ஏதாவது பத்திரமான வேகத்துலதான் ஓடும். ஃபேர்லேண்ட்ஸ்ல என் கூட்டாளிங்க மூணு பேரோட மெஷினைத் திறந்து பார்த்தேன். ரெண்டு பேரோடது 2666. நாலு வருஷமா 3200க்குக் காசு கொடுத்துட்டு 2666ல ஓட்டிட்டு இருந்திருக்காங்க. எனக்கு மனசே கேக்கல. இன்னைக்கே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெமரின்னு இருக்கற இடத்துல வேகத்தைப் பாருங்க. அப்படியே ஸ்டிக் ரெண்டும் பிராசஸர்ல இருந்து எண்ணினா ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்டுல இருக்கான்னும் பாருங்க. பக்கத்துப் பக்கத்துல சொருகியிருந்தா பாதி ரோடுதான் திறந்திருக்குன்னு அர்த்தம்.

எக்ஸ்எம்பியே ஒரு ஓவர்க்ளாக்தான், அது பல பேருக்குத் தெரியறதில்ல. ஜெடெக்னு ஒரு அமைப்புதான் உலகத்துல ராமுக்கெல்லாம் விதி போடறது. அவங்க கணக்குல டிடிஆர்4 3200ன்னா சிஎல்22, 1.2 வோல்ட். நம்ம டப்பாவுல இருக்கறது சிஎல்16, 1.35 வோல்ட். அதாவது ஸ்டிக் செஞ்சவங்களே, 'கொஞ்சம் கரண்ட் கூடக் கொடுத்தா இதைவிட வேகமா ஓடும், நாங்க பார்த்துட்டோம்'னு எழுதி உள்ள வெச்சிருக்காங்க. ஆனா அவங்க பார்த்தது ஸ்டிக்கை. உங்க பிராசஸரோட சேர்த்து, உங்க போர்டுல, உங்க ரூம் சூட்டுல அவங்க பார்க்கல.

உங்க ரூம் சூடு. இதை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

டிசம்பர்ல, மார்கழிக் குளிர்ல, ராத்திரி ராத்திரியா உக்காந்து டியூன் பண்ணேன்.

3600 போகலாம்னு ஆசை. போகல. இன்டெல்ல கியர்1, கியர்2ன்னு ரெண்டு இருக்கு. கியர்1ல மெமரி கன்ட்ரோலரும் ராமும் ஒரே வேகத்துல ஓடும். கியர்2ல கன்ட்ரோலர் பாதி வேகம்தான், பதில் வர்றதுக்கு நேரம் கூடிடும். எனக்கு கியர்1தான் வேணும். ஆனா 12400 மாதிரி 'கே' இல்லாத பிராசஸர்ல கன்ட்ரோலருக்குப் போற எஸ்ஏ வோல்டேஜைப் பூட்டி வெச்சிருக்காங்க, கூட்ட முடியாது. 3600 போட்டா ஃபேன் சுத்தும், நிக்கும், மறுபடி சுத்தும், நிக்கும். காயின் பேட்டரி பக்கத்துல இருக்கற ரெண்டு பின்னை ஸ்க்ரூடிரைவரால தொட்டு பயாஸை ரீசெட் பண்ணுவேன். அன்னைக்கு ராத்திரி மட்டும் ஏழெட்டு தடவை தொட்டிருப்பேன்.

3466ல நின்னுச்சு. சிஎல்16-19-19-36. 1.40 வோல்ட்.

வேகத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க, டைமிங்கையும் சேர்த்துக் கணக்குப் போடணும். 3200ங்கறது ஒரு செகண்டுக்கு எத்தனை மில்லியன் தடவை டேட்டா போகுதுங்கற எண், கடிகாரம் துடிக்கறது அதுல பாதி, 1600. சிஎல்16ன்னா பதினாறு துடிப்பு. 16ஐ 1600 மெகாஹெர்ட்ஸால வகுத்தா 10 நானோ செகண்ட். 3600 சிஎல்18க்குப் போட்டுப் பாருங்க, அதுவும் 10 நானோ செகண்ட்தான்! என்னோட 3466 சிஎல்16, 9.2. பெரிய எண் போட்ட டப்பாவுக்கு ஓடுறதுக்கு முன்னாடி இந்த வகுத்தலை ஒருக்கா போட்டுப் பார்த்துட்டு ஓடுங்க.

அதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. டிரெஃபிக்குப் போனேன்.

இப்பதான் விஷயம் ஆரம்பிக்குது.

ராமுக்குள்ள ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டிக் கப்பாசிட்டர். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கப்பாசிட்டர், அவ்வளவுதான். ஐபிஎம்ல இருந்த ராபர்ட் டென்னார்டுக்கு 1966ல தோணின யோசனை, 1968ல காப்புரிமை கிடைச்சுது. (அவர் 2024ல காலமானாரு. உங்க போன்ல, என் மெஷின்ல, ஏடிஎம்ல, எல்லாத்துலயும் அவர் யோசனைதான் இன்னைக்கும் ஓடுது.) கப்பாசிட்டர்ல மின்சாரம் இருந்தா 1, இல்லைன்னா 0. அழகான யோசனை. ஒரே ஒரு தொல்லை, அது ஒழுகும்.

ஓட்டைக் குடம்தான். தண்ணி ஊத்தி வெச்சுட்டு சும்மா இருந்தா காலியாயிடும். அதனால ஒருத்தன் வரிசையா வந்து ஒவ்வொரு குடமா பார்த்து, பாதிக்கு மேல தண்ணி இருந்தா ரொப்பிட்டுப் போகணும். அதுக்குப் பேர்தான் ரெஃப்ரெஷ். ஜெடெக் விதிப்படி எல்லாக் குடமும் 64 மில்லி செகண்டுக்குள்ள ஒரு தடவை ரொம்பணும். அதை 8192 தவணையா பிரிச்சா, 7.8 மைக்ரோ செகண்டுக்கு ஒரு தவணை. இந்த இடைவெளிதான் டிரெஃபி. ரொப்புற நேரத்துல யாரும் தண்ணி எடுக்க முடியாது. அந்தக் காத்திருப்பு டிஆர்எஃப்சி, 8 ஜிபிட் சிப்புக்கு 350 நானோ செகண்ட். 7.8 மைக்ரோ செகண்டுல 350 நானோ போச்சுன்னா, ராமோட நேரத்துல நாலரை சதவீதம் இந்தக் குடம் ரொப்புறதுக்கே போயிடுது.

பயாஸ்ல என்ன பண்ணலாம்னா, ரொப்புறவனை அடிக்கடி வராதேன்னு சொல்லலாம். பயாஸ்ல இதைத் துடிப்புக் கணக்குலதான் எழுதணும், 3466ல 7.8 மைக்ரோ செகண்டுன்னா டிரெஃபி 13520. அதை 65535 வரைக்கும் ஏத்தலாம். நான் ஏத்தினேன்.

அதாவது 64 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை ரொம்பின குடம், இப்ப கிட்டத்தட்ட 310 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை. டிஆர்எஃப்சியையும் 300 நானோவுக்குக் குறைச்சேன். காத்திருப்பு நாலரை சதவீதத்துல இருந்து ஒரு சதவீதத்துக்கும் கீழ வந்துடுச்சு.

டெஸ்ட் போடாம விட்டேன்னு நினைக்காதீங்க. பென் டிரைவ்ல மெம்டெஸ்ட்86 போட்டு ராத்திரி முழுக்க நாலு சுத்து. அடுத்த ராத்திரி விண்டோஸ்குள்ள டெஸ்ட்மெம்5, ஆண்டா777 எழுதின எக்ஸ்ட்ரீம் செட்டிங்கோட. அதுக்கு அடுத்த ராத்திரி பிரைம்95. (இது மெர்சென் பகா எண் தேடறதுக்காக 1996ல ஆரம்பிச்ச கூட்டு முயற்சியோட புரோகிராம். கணக்குல ஒரு பிட் தப்பினாலும் அதுக்குத் தெரிஞ்சுடும். பகா எண் தேட எழுதினது, ஊர் உலகமெல்லாம் கம்ப்யூட்டர் சோதிக்கப் பயன்படுது, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.) மூணுலயும் எரர் பூஜ்ஜியம்.

பாஸ். தை பொறந்தது, மாசி போச்சு, பங்குனியும் போச்சு. மெஷின் ஒரு தடவைகூட நீலத் திரை காட்டல.

சித்திரை வந்துச்சு. பச்சைக் கட்டம் வந்துச்சு.

இப்ப அந்த ஒன்பது நாளுக்கு வருவோம்.

முதல் சந்தேகம் கார்டு ரீடர். மாத்தினேன். ரெண்டாவது கேபிள். மூணாவது எஸ்எஸ்டி, அதோட ஆரோக்கியம் 96 சதவீதம்னு காட்டுது. நாலாவதா ராம். ராத்திரி படுக்கப் போறப்போ மெம்டெஸ்ட்86 போட்டுட்டுப் படுத்தேன். காலைல எழுந்து பார்த்தா பூஜ்ஜியம். ராமை லிஸ்டுல இருந்து அடிச்சுட்டேன்.

இந்த ஒரு அடியாலதான் மூணு நாள் வீணாச்சு.

அப்புறம் வேற மாதிரி யோசிச்சேன். அந்த ஒரே கிளிப்பைக் கார்டுல இருந்து திரும்பத் திரும்பக் காப்பி பண்றது, ஒவ்வொரு காப்பிக்கும் எஸ்எச்ஏ-256 எடுக்கறது. ஃபைல்ல ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மொத்தமா வேற மாதிரி ஆயிடும், அதனால ஏமாத்த முடியாது. காலைல ஆறு மணிக்கு அஞ்சு காப்பி. அஞ்சும் ஒரே எண். மத்தியானம் சாப்பிட்டுட்டு, பின்னாடி இன்னொரு கல்யாணத்தோட எக்ஸ்போர்ட்டும் ஓட விட்டுட்டு, மூணு மணிக்கு அஞ்சு காப்பி. மூணு ஒரே எண், ரெண்டு வேற.

எனக்கு உடம்பு புல்லரிச்சுது. காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவுல என்ன மாறுது?

வெயிலு!

சேலத்துல இருக்கறவங்களுக்கு விளக்கவே வேண்டாம். வடக்க நகரமலை, தெக்க ஜருகுமலை, மேக்க கஞ்சமலை, ஏற்காட்டுப் பக்கம் சேர்வராயன் மலை, நடுவுல நாம. சட்டிக்குள்ள உக்காந்த மாதிரி. என் ரூம் மொட்டை மாடிக்கு நேர் கீழ. காலைல இருந்து காங்கிரீட் குடிச்ச வெயிலையெல்லாம் மத்தியானம் மூணு மணிக்கு மேல உள்ள விடும். ஏசி கிடையாது.

என் ஸ்டிக்குல சூடு காட்டுற சென்சார் இல்ல. மல்டிமீட்டரோட வந்த தெர்மோகப்பிள் வயரை ஸ்டிக்கோட தகட்டுல கேப்டன் டேப் போட்டு ஒட்டினேன். டிசம்பர்லயே ஒருக்கா அளந்து நோட்டுல எழுதி வெச்சிருந்தேன்: ரூம் 24, ஸ்டிக் 41. இப்ப மத்தியானம் மூணு மணிக்கு ரூம் 37, ஸ்டிக் 57.

சூடு ஏற ஏறக் கப்பாசிட்டர் வேகமா ஒழுகும். பத்து டிகிரி ஏறினா ஒழுகறது ஏறக்குறைய ரெண்டு மடங்காகும்னு ஒரு தோராயக் கணக்கு. ஜெடெக்கும் இதை விதியிலேயே எழுதியிருக்காங்க, 85 டிகிரி தாண்டினா ரெஃப்ரெஷ் இடைவெளியைப் பாதியாக்கி 3.9 மைக்ரோ செகண்டுல ரொப்புங்கன்னு. இன்னொண்ணு, கோடிக்கணக்கான குடத்துல முக்காலே மூணு வீசம் நல்ல குடம், ரொப்பாம விட்டாலும் ரொம்ப நேரம் தாங்கும். எங்கயோ ஒண்ணு ரெண்டுதான் பெரிய ஓட்டை. டிசம்பர்ல 41 டிகிரியில அந்த ஓட்டைக் குடம்கூட 310 மில்லி செகண்டு தாக்குப் பிடிச்சிருக்கு. சித்திரையில 57ல பிடிக்கல.

நிரூபிக்கணுமே. மத்தியானம் மூணு மணிக்கு டெஸ்ட்மெம்5 போட்டேன். 22வது நிமிஷம், ஒரு எரர். அதே செட்டிங், எதையும் தொடாம, விடிகாலை நாலு மணிக்குப் போட்டேன். முழு ஓட்டமும் பூஜ்ஜியம்.

அடுத்த நாள் டிரெஃபியை மட்டும் பழையபடி 13520க்கு இறக்கினேன். வோல்டேஜ், டைமிங், டிஆர்எஃப்சி எதையும் தொடல. மத்தியானம் மூணு மணி. பூஜ்ஜியம்.

அதுக்கு அடுத்த நாள் மறுபடி 65535, ஆனா ராமுக்கு நேர் மேல பழைய 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒண்ணை டேக் போட்டுக் கட்டி விட்டேன். ஸ்டிக் 46க்கு இறங்குச்சு. பூஜ்ஜியம். ஃபேனை நிறுத்தினேன். அரை மணி நேரத்துல எரர்.

ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தணும்ங்கறது இதுக்குத்தான். எல்லாத்தையும் சேர்த்து இறக்கியிருந்தா பிரச்சினை போயிருக்கும், காரணம் தெரிஞ்சிருக்காது.

(அன்னைக்கு அம்மா மாடிக்கு மோர் கொண்டு வந்தாங்க. கேபினெட்டுக்குள்ள கட்டித் தொங்குற ஃபேனைப் பார்த்துட்டு, "ஏன் கண்ணு, நீ வேர்த்துக் கொட்டிக்கிட்டு உக்காந்திருக்க, டப்பாவுக்குக் காத்து போட்டு வெச்சிருக்க?"ன்னாங்க. பதில் சொல்றதுக்குள்ள டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வெச்சுட்டுப் போயிட்டாங்க.)

இந்த விஷயத்துல எனக்கு ஏன் இவ்வளவு வேகம்னு சொல்றேன்.

எங்க தாத்தாவுக்கு அம்மாபேட்டையில தறி இருந்துச்சு. விசைத்தறி வந்த புதுசுல அவர் திட்டிக்கிட்டே இருப்பாராம். கைத்தறியில இழை அறுந்தா கைக்குத் தெரிஞ்சுடும். விசைத்தறியில பாவுல ஒரு இழை அறுந்தாலும் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், சத்தம் மாறாது, துணி வந்துக்கிட்டே இருக்கும். மடிக்கறப்போதான் துணி நீளத்துக்கும் ஒரு கோடு தெரியும். அதுக்குள்ள எத்தனை கெஜம் போச்சோ.

ராம் எரர் அப்படித்தான். மெஷின் நின்னு போச்சுன்னா அது நல்ல எரர், உடனே தெரிஞ்சுடும். நிக்காம ஓடறதுதான் ஆபத்து. காப்பி பண்ற ஒவ்வொரு ஃபைலும் ராம் வழியாதான் போகுது. அங்க ஒரு பிட் புரண்டா, புரண்டதையே எஸ்எஸ்டி நம்பி எழுதிக்கும். பேக்கப் எடுத்தா பேக்கப்புலயும் அதுதான்.

2003ல பெல்ஜியத்துல தேர்தல். பிரஸ்ஸல்ஸோட ஒரு பகுதி ஸ்கார்பேக், அங்க ஓட்டு மெஷின்ல ஒரு வேட்பாளருக்கு 4096 ஓட்டு கூட விழுந்திருந்துச்சு. வாங்கவே முடியாத அளவுக்கு ஓட்டு இருந்ததாலதான் சந்தேகமே வந்துச்சு. 4096ங்கறது ரெண்டைப் பன்னெண்டு தடவை பெருக்கினா வர்ற எண். ஒரே ஒரு பிட் தானா 0ல இருந்து 1 ஆகியிருக்கணும்னு சொன்னாங்க, விண்வெளியில இருந்து வர்ற கதிர் பட்டிருக்கலாம்னு ஒரு சந்தேகம். யாரும் ஓவர்க்ளாக் பண்ணாத மெஷின்லயே இப்படி. கூகுள் சர்வர்களை வெச்சு 2009ல வந்த ஆராய்ச்சியில, ஒரு வருஷத்துல 8 சதவீதத்துக்கும் மேல ராம் ஸ்டிக்குல ஏதோ ஒரு எரராவது வந்திருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. அவங்ககிட்ட இசிசி இருக்கு, ஒரு பிட் புரண்டா அதுவே திருத்திக்கும். நம்ம வீட்டு மெஷின்ல பெரும்பாலும் அது கிடையாது. டிடிஆர்5ல சிப்புக்கு உள்ள ஒரு இசிசி இருக்கு, ஆனா அது சிப்புக்குள்ள நடக்கறதை மட்டும்தான் பார்த்துக்கும். சிப்புக்கும் பிராசஸருக்கும் நடுவுல ரோட்டுல தொலைஞ்சா அதுக்குத் தெரியாது.

கேம் விளையாடற தம்பிகளுக்கு ஒரு பிட் போனா ஒரு கேம் க்ராஷ் ஆகும், திரும்ப ஆரம்பிச்சுக்கலாம். நான் வெச்சிருக்கறது இன்னொருத்தர் வீட்டுக் கல்யாணம். அதைத் திரும்ப எடுக்க முடியாது.

அதனால பூட் ஆயிடுச்சுன்னா ஸ்டேபிள்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு நம்பாதீங்க. ராத்திரி முழுக்க டெஸ்ட் ஓடிச்சுன்னு சொன்னாலும், எந்த மாசத்து ராத்திரின்னு கேளுங்க. நம்ம ஊருக்கு டெஸ்ட் போடற நேரம் சித்திரை, வைகாசி, மத்தியானம் ரெண்டுல இருந்து அஞ்சு. ஏசி ரூம்னா ஏசியை நிறுத்திட்டுப் போடுங்க, கரண்ட் போற அன்னைக்கு இன்வெர்ட்டர்ல ஏசி ஓடாது. இணையத்துல பார்க்கற பல டிரெஃபி எண்கள் குளிர் நாட்டுல, திறந்த மேஜையில ஃபேன் போட்டு எடுத்தது. மேட்டூர்லயும் நாமக்கல்லயும் இருக்கற மாடி ரூமுக்கு அது ஒத்து வராது. (டிடிஆர்5ல 12,000 தாண்டினோம்னு ரெகார்டு போடறவங்க -196 டிகிரி திரவ நைட்ரஜன் ஊத்திப் போடறாங்க. அதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது வேற விளையாட்டு. ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் டெஸ்ட் போட்டாலே பாதி ராம் பாஸ் ஆயிடும்.)

இன்னொரு விஷயம், இது ரொம்ப முக்கியம். புது செட்டிங் போட்டா நேரா விண்டோஸ்குள்ள போகாதீங்க. முதல்ல பென் டிரைவ்ல மெம்டெஸ்ட்86. ராம் தப்பா இருக்கறப்போ விண்டோஸ் எழுந்தா, அது தன் ஃபைல்களையே கெடுத்து எழுதி வெச்சுக்கும். வேலை ஃபைல் இருக்கற டிஸ்க்கோட கேபிளைக் கழட்டி வெச்சுட்டு டியூன் பண்ணுங்க. ரெண்டு நிமிஷ வேலை. டெஸ்ட் பாஸ் ஆனதும் மெயின் ஸ்விட்சை அணைச்சுப் போட்டு, மறுநாள் காலைல ஆன் பண்ணி இன்னொரு தடவை ஓட்டுங்க. கரண்டு போய் வந்தா போர்டு ராமை மறுபடி பழக்கி எடுக்கும், நேத்து வந்த மாதிரியே இன்னைக்கும் வரணும்னு இல்ல.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைச்சுதுன்னு கேப்பீங்க. உள்ளதைச் சொல்றேன். ஐடா64ல பதில் வர்ற நேரம் 74 நானோ செகண்டுல இருந்து 66 ஆச்சு. 48 நிமிஷம் ஆன எக்ஸ்போர்ட் 46 ஆச்சு. டைம்லைன்ல முன்னாடி பின்னாடி இழுக்கறப்போ கொஞ்சம் லேசா இருக்கு. அவ்வளவுதான். இதுல பாதிக்கு மேல 3466லயும் டைமிங்லயும் வந்தது. டிரெஃபியை அத்தனை தூரம் இழுத்ததுல எக்ஸ்போர்ட்டுக்கு அரை நிமிஷம்கூட மிச்சம் ஆகல.

அந்த அரை நிமிஷத்துக்கு ஒருத்தரோட தாலி கட்டுற சீனை நான் பணயம் வெச்சிருக்கேன். நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

இப்ப ஓடறது: 3466, சிஎல்16-19-19-36, 1.40 வோல்ட், டிஆர்எஃப்சி 520 (துடிப்புக் கணக்குல, அதே 300 நானோ செகண்ட்தான்), டிரெஃபி 27040. அதாவது டிரெஃபி ஜெடெக் சொன்னதைப் போல ரெண்டு மடங்கு, அதுக்கு மேல இல்ல. ஃபேனை நிறுத்திட்டு, கத்திரியில, மத்தியானம், பின்னாடி எக்ஸ்போர்ட் ஓட, மூணு நாள் தொடர்ந்து டெஸ்ட் போட்டேன். பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம். அதுக்கப்புறம்தான் ஃபேனை ஒழுங்கா ஸ்க்ரூ போட்டு மாட்டினேன். ஃபேன் இல்லாம பாஸ் ஆனதை ஃபேனோட ஓட்டினாத்தான் எனக்குத் தூக்கம் வரும். ஃபேன் ஒருநாள் நின்னாலும் வேலை கெடாது.

விண்டோஸையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டேன். நாலு மாசம் ஓட்டின செட்டிங்ல எழுதின சிஸ்டம் ஃபைலை நம்ப மனசு வரல. சித்திரையில வந்த மூணு கல்யாணத்தோட கிளிப்பையும் கார்டுல இருந்து மறுபடி காப்பி பண்ணி, ஒவ்வொண்ணுக்கும் எஸ்எச்ஏ-256 பார்த்தேன். இன்னும் ஒரு கிளிப் கெட்டிருந்துச்சு. பந்தியில இலை போடற சீன். பெரியவர் ஒருத்தர் சிரிக்கிறாரு, அவர் தோள்ல ஒரே ஒரு கோடு. நல்லதை எடுத்து அந்த இடத்துல வெச்சுட்டேன்.

இப்பல்லாம் கார்டுல இருந்து எதைக் காப்பி பண்ணாலும் எண் ஒத்துப் போகுதான்னு பார்த்துட்டுத்தான் அடுத்த வேலை. ஒரு கல்யாணத்துக்குப் பத்து நிமிஷம் கூட ஆகுது. ஆகட்டும்.

மணி நாலரை ஆச்சு. அண்ணன்கிட்ட கார்டைத் திருப்பிக் கொடுத்துட்டு வரணும். வெயில் கொஞ்சம் இறங்கட்டும், கிளம்பறேன்.